பாட்டிலை எங்கே சொருகுவது? பனியன் மண்டலத்து இருசக்கர வாகனங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. இதில் அறிஞர்களுக்குள் சண்டை கிடையாது. அந்த ஒரு கிலோவை இருசக்கர வாகனத்தில் எங்கே வைத்துக்கொண்டு போவது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். டிக்கி என்பார் ஒருவர். முன்கொக்கி என்பார் அடுத்தவர். சேலை கார்டின் சந்தில் சொருகினால் தீர்ந்தது என்பார் மூன்றாமவர். நான்காமவரோ, ‘தண்ணி எதுக்குங்க, வழியெல்லாம் டீக்கடைதான?’ என்று பிரச்சினையே இல்லை என்றாக்கிவிடுவார். தத்துவ உலகில் இவர்களை மாயாவாதிகள் என்பார்கள்.

கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம், கோப்பெருந்தேவியின் சிலம்புக்குள் முத்து என்று பரல்வரை எட்டிப் பார்த்தது தமிழ் ஆய்வுலகம். டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டின் முன்பலகையை அது எட்டிப் பார்க்கவில்லை. அக்குறை நீங்கவே இக்கட்டுரை.

களமும் காரணமும்

களம் திருப்பூர். இங்கே இருசக்கர வாகனம் என்பது அடிப்படையில் சரக்கு வாகனம். அதை ஓட்டியாக வேண்டுமே என்பதற்காக ஓர் ஆளும் ஏறிக்கொள்கிறார். கட்டிங் முடிந்த பீஸ் ஓவர்லாக்குக்குப் போக வேண்டும். பிரிண்டிங் போன பீஸ் திரும்பி வர வேண்டும். தைத்தது செக்கிங்குக்கு, செக்கிங் முடிந்தது அயர்னிங்குக்கு. ஒரு கம்பெனிக்குள்ளேயே எல்லாம் நடக்கும் இடங்களும் உண்டு. ஆனால் ஊரின் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கில் ஓடுகிறது. அதனால் ஒரு டீசர்ட் தூத்துக்குடி போய்க் கப்பலேறுவதற்கு முன் ராயபுரம், வீரபாண்டி, அனுப்பர்பாளையம் என்று ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது.

இன்னொரு காரணம் தண்ணீர். நொய்யல் ஊரின் நடுவே ஓடுகிறது, ஆனால் அதில் பாட்டிலைப் பிடிக்க யாரும் போவதில்லை. 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதும், கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்குக்குப் போனதும், 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த கதை. அதற்குப் பிறகு ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்பது திருப்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஒரு துளிகூட வெளியே போகக் கூடாது. மூடி சரியில்லாத பாட்டிலைச் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வருகிறவர் இந்தக் கொள்கையை மீறுகிறார் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

தண்ணீர் வருவது பவானியிலிருந்து. 1995இல் அமைந்த நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், ரூ. 1,023 கோடித் திட்டத்தில், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கும் அளவில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுக் கொண்டுவந்தது. அதில் பெரும்பங்கு சாயப்பட்டறைகளுக்கு. மனிதர் குடிப்பதற்கு மிச்சம். ஆக, பாட்டிலில் ஏறும் தண்ணீர் ஏற்கெனவே ஒரு நீண்ட பயணம் முடித்துக் களைத்துத்தான் வருகிறது. அதை மறுபடி காங்கயம் ரோட்டில் குலுக்கிக்கொண்டு போவதா என்ற அறக்கேள்வியை இங்கே எழுப்பாமல் விடுகிறோம்.

நெடும்பயணம் எனப்படுவது யாது

நெடும்பயணம் என்றதும் ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போகிறவர்கள் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அவர்கள் பாட்டில் வைக்கிற இடத்தை விலைக்கு வாங்கி, வண்டியில் முடுக்கி, படம் எடுத்து அனுப்பியும் விடுகிறார்கள்.

சைக்கிள் உலகில் பிஆர்எம் என்று ஒரு வகைப் பயணம் இருக்கிறது. பிரான்சில் பிறந்த வழக்கம். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். போட்டி அல்ல, முடித்தால் போதும். பதக்கமும் உண்டு. இதன் தலைமைத் திருவிழா 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். நம் நாட்டிலிருந்தும் நிறையப் பேர் போகிறார்கள்.

இப்போது தாராபுரத்திலிருந்து திருப்பூருக்கு வண்டியில் வேலைக்கு வருகிற ஒரு டெய்லரை எடுத்துக்கொள்வோம். ஒரு வழி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். போக வர நூறு. வாரத்துக்கு ஆறு நாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது அவர் 600 கிலோமீட்டர் முடித்திருக்கிறார். நடுவே தினமும் ஒன்றரை ஷிப்டும் பார்த்திருக்கிறார். பதக்கம் எதுவும் தரப்படுவதில்லை. எஞ்சின் இருக்கிறதே என்று சைக்கிள்காரர்கள் ஆட்சேபிக்கலாம். சரி, அவர்களுக்கும் பவர் டேபிளுக்கு முன்னால் பன்னிரண்டு மணி நேரம் உட்கார இடம் தருகிறோம், வரட்டும்.

ஆகவே இக்கட்டுரையில் நெடும்பயணம் என்பது வேலைக்குப் போய் வருவது. சனிக்கிழமை இரவில் வேறொரு வகைப் பாட்டிலும் வண்டிகளில் பயணப்படுகிறது. அது இடுப்பில் இருக்கும், எல்லோருக்கும் தெரியும், ஆய்வு வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 18ஆம் பிரிவு குடிநீரைப் பற்றி ஆச்சரியப்படும் அளவுக்கு யோசித்திருந்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரிகிற மொழியில் ‘குடிநீர்’ என்று எழுதிவைக்க வேண்டும். கழுவுமிடம், கழிப்பிடத்திலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். 250 பேருக்கு மேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த நீரே தர வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. இன்றைக்குத் திருப்பூரில் பெரும்பாலோருக்குப் புரிகிற மொழி எது என்று ஒரு கம்பெனி வாசலில் நின்று கேட்டால் தமிழ், இந்தி, ஒடியா என்று பட்டியல் நீளும். அது தனி ஆய்வு. வெளிநாட்டு பையர்களின் ஆடிட் வந்தால் குழாயில் ஆரம்பித்து டம்ளர்வரை பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த அக்கறையெல்லாம் கம்பெனி கேட்டோடு சரி. கேட்டைத் தாண்டி வண்டியில் ஏறிய ஆளுக்குத் தாகம் எடுக்கும் என்பதை எந்தச் சட்டமும் ஒப்புக்கொண்டதில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 123ஆம் விதியைப் படித்தால் மனம் நெகிழும். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், துணி சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும். நாம் சேலை கார்டு என்று சொல்வது அதைத்தான். சேலைக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம், கைக்கு ஓர் இடம். தொண்டைக்கு மட்டும் எதுவும் இல்லை.

மக்கள் இதற்குச் செய்த பதில்தான் நயமானது. சட்டம் சேலைக்காகக் கொடுத்த அதே கம்பி வலைக்குள் அவர்கள் பாட்டிலைச் சொருகிவிட்டார்கள்.

முன்னோர் மொழிந்தவை

கூண்டு வண்டிக்கு அடியில் லாந்தர் விளக்கு ஆடும், பக்கத்தில் தண்ணீர்ப் பானை ஆடும். நிழல், காற்று இரண்டும் கிடைக்கிற ஒரே இடம் வண்டியின் அடிவயிறு. காடு ஓட்டப் போனவர் சுரைக்குடுவையை வேப்பமரக் கிளையில் மாட்டினார். பிறகு வந்த லாரிக்காரர்கள் கேன்வாஸ் தண்ணீர்ப் பையை முன்பம்பரிலோ கதவோரக் கண்ணாடியிலோ தொங்கவிட்டார்கள். துணி வழியே கசிகிற ஈரம் காற்றில் காயும், உள்ளே இருப்பது குளிரும். இந்த மூன்று தலைமுறையும் ஒரே கொள்கைக்காரர்கள்: தண்ணீரைக் காற்று படும் இடத்தில் வை. அதை முதலில் கைவிட்டது ஸ்கூட்டர் டிக்கி.

ஐரோப்பிய மரபு வேறு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 1930களின் படங்களைப் பார்த்தால் சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு முன்னால் இரண்டு பாட்டில்கள் நிற்கும். பின்னாளில் அவை கீழிறங்கி பிரேமின் சாய்குழாய்க்கு வந்தன. கனம் தாழ இருந்தால் வண்டி நிதானமாக நிற்கும், கையும் எட்டும். இன்றைக்கு உலகம் முழுவதும் சைக்கிள் பிரேமில் பாட்டில் கூட்டுக்கென்றே இரண்டு ஓட்டைகள் வருகின்றன. ஒன்றுக்கொன்று 64 மில்லிமீட்டர் இடைவெளி. இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் தேவைப்படும்.

ஐரோப்பியக் கோட்பாட்டின் உயிர்நாடி ‘எட்டுதல்’. ஓட்டிக்கொண்டே எட்டி எடுத்து, பல்லால் மூக்கைக் கடித்து இழுத்து, உறிஞ்சி, திரும்பச் சொருக வேண்டும். அதற்குத்தான் அந்த இடமெல்லாம்.

இதைத் தமிழ்நாட்டில் அப்படியே பொருத்த முடியாது. ஏனென்றால் தமிழர் அண்ணாந்து குடிப்பவர். வாய் வைக்காமல், ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும். ஓடுகிற வண்டியில் அண்ணாந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஹெல்மெட்டோடும் அண்ணாக்க முடியாது. எனவே இவர் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டி, அதன் பிறகே குடிக்கிறார். இறங்கி நின்றுவிட்ட மனிதருக்குப் பாட்டில் எங்கே இருந்தாலும் எட்டும். ஆக ‘எட்டுதல்’ என்ற அளவுகோல் இங்கே செல்லாது. அது போனால் மிஞ்சுவது மூன்று: தண்ணீர் சூடாகக் கூடாது, பாட்டில் விழக் கூடாது, பீஸ் நனையக் கூடாது. இக்கட்டுரையின் அச்சாணி இதுதான். இதற்குமேல் வருவதெல்லாம் இதிலிருந்து பிறக்கும் கிளைகள்.

கட்சிகள்

முதலில் டிக்கிக் கட்சி. ஸ்கூட்டரில் சீட்டைத் தூக்கினால் பெட்டி, பெட்டிக்கு நேர் கீழே எஞ்சின். காலையில் வீட்டில் பிடித்த தண்ணீர் பல்லடம் வருவதற்குள் குளிக்கிற பதத்துக்கு வரும், காங்கயம் தாண்டினால் டீத்தூள் போடலாம். மார்கழியில் தொண்டை கட்டியவர்கள் மட்டும் இந்தக் கட்சியில் சேரலாம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்த பிறகு டிக்கிக் கட்சிக்கு மறுவாழ்வு கிடைத்திருக்கிறது, அடியில் எரிகிற எஞ்சின் இல்லை. ஆனால் அந்த இடத்தைச் சார்ஜர், ரெயின்கோட், பிள்ளையின் ஹோம்வொர்க் நோட்டு ஆகியவை முன்பே பிடித்துவிட்டன.

கொக்கிக் கட்சி வலுவானது. பெண்களில் பெரும்பான்மை இங்கேதான். ஸ்கூட்டரின் முன்கொக்கியில் சோற்றுப் பை, அதற்குள் தூக்குப்போசி, அதன் இடுக்கில் பாட்டில். காற்று படும், கால் முட்டி காவல் இருக்கும். குறை என்னவென்றால் பாட்டில் நிமிர்ந்து நிற்கச் சோறு ஒத்துழைக்க வேண்டும். மதியம் சாப்பிட்டுப் போசி காலியானதும் மாலைப் பயணத்தில் பாட்டில் சாய்ந்து படுத்துவிடும். மூடி தளர்ந்திருந்தால் ஜீரோ டிஸ்சார்ஜ் முடிந்தது.

ஹேண்டில்பாரில் பையை மாட்டுவது கொக்கிக் கட்சியிலிருந்து பிரிந்த சிறு குழு. இதை ஆய்வாளர் கண்டிக்கிறார். ஒரு கிலோ ஊசலாடினால் ஹேண்டிலும் கூடவே ஊசலாடும். அதிலும் ஜூன் முதல் ஆகஸ்டுவரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளையே சுற்றுகிறது. ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்கிற நாட்டில் பாட்டில் எம்மாத்திரம். நிறைந்த பாட்டில் ஆடும், காலிப் பாட்டில் பறக்கும்.

சேலை கார்டுக் கட்சி பைக் வைத்திருப்பவர்களுடையது. இதில் ஓர் அறிவியல் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் சைலன்சர் வலப்பக்கம், சேலை கார்டு இடப்பக்கம். ஆகவே பாட்டில் சூட்டிலிருந்து ஒரு சக்கரத்தின் அகலத்துக்குத் தள்ளியே இருக்கிறது. யாரும் திட்டமிடவில்லை, அமைந்துவிட்டது. புழுதி படியும், மழையில் சேறு அடிக்கும், துடைத்துவிட்டுக் குடிக்க வேண்டும். வேகத்தடையில் விழவும் விழும். விழுந்தால் பின்னால் வருகிறவர் விட மாட்டார். சைடு ஸ்டாண்டு, துப்பட்டா, இண்டிகேட்டர், பாட்டில் ஆகிய நான்குக்கும் முன்பின் தெரியாதவர் ஆரன் அடித்து விரட்டி வந்து சொல்வது இந்தப் பகுதியின் எழுதப்படாத விதி. ‘ஏனுங், பாட்டல் உளுந்துருச்சுங்’ என்று கத்திவிட்டு அவர் முந்திப் போய்விடுவார், நன்றியை வாங்க நிற்க மாட்டார்.

டேங்க் கவரில் ஜிப் வைத்த பை இருந்தால் அரை லிட்டர் நிற்கும். நேர் வெயில். மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

அனுப்பர்பாளையக் கட்சி என்று ஒன்றை இங்கே சேர்க்க வேண்டும். செம்பு, பித்தளை, எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர் திருப்பூருக்குள்ளேயே இருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு என்பது இவர்கள் வாதம். ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு இது வாதம் அல்ல, கட்டாயம்: நீலகிரியில் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலுக்குத் தடை, மலையேறும் வழியிலேயே சோதிப்பார்கள். உலோகம் வழுக்கும், கம்பி வலையில் கடகடக்கும், விழுந்தால் சொட்டை விழும். ஆனால் சொட்டை விழுந்த பாத்திரத்தைத் தூக்கிப்போடாத குடும்பங்கள்தான் இதை வாங்குகின்றன என்பதால் கட்சி நிலைக்கும்.

எக்ஸ்எல்: மையச் சிக்கல்

1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய நாட்டின் முதல் மொபெட். அந்த வம்சத்தில் 2015இல் வந்தது எக்ஸ்எல் 100: 99.7 சிசி, நான்கு ஸ்ட்ரோக், பின்சீட்டைக் கழற்றி எடுத்துவிடலாம். திருப்பூரில் அந்தப் பின்சீட்டு பெரும்பாலும் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.

எக்ஸ்எல்லில் டிக்கி இல்லை. கொக்கி இருந்தாலும் அது மூட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும். சேலை கார்டின் மேல் பக்கவாட்டு மூட்டை. அதாவது மற்ற கட்சிகள் எல்லாம் தோற்கும் இடம் இது. மூட்டைகளுக்கு நடுவிலேயே பாட்டிலைப் புதைத்துவிட்டால் என்ன? சுற்றிலும் பருத்தி, வெயில் உள்ளே வராது, தண்ணீர் வைத்தபடி இருக்கும். கொள்கையளவில் இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. ஆனால் மூடி கசிந்து ஒரு பண்டல் பீஸில் ஈரம் ஏறினால், அதிலும் வெளிர் நிறத்தில் கறை நின்றால், அந்த மாதம் முழுக்கத் தண்ணீர் குடிக்கவே மனம் வராதபடி பேச்சு விழும்.

நல்லூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் ஓர் எக்ஸ்எல் நின்றது. முன்னால் மூட்டை, பின்னால் மூட்டை. பாட்டில் ஹெட்லைட்டுக்கு இடப்பக்கம், ஹேண்டிலுக்குக் கீழே, பனியன் துணி சுற்றி, அதே துணியின் கிழிசலால் கழுத்திலும் அடியிலும் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. துணி ஈரம்.

‘ஏனுங்ண்ணா, பாட்டல இங்க போயி கட்டியிருக்கீங்க?’

‘வேற எங்கீங்க கட்டறது? மத்த எடமெல்லாம் பீஸ் இருக்குதல்லங்க.’

‘ஈரத்துணி எதுக்குங்?’

‘கூலிங்குக்குங்க. நனைச்சுக் கட்டீட்டு ஓட்டுனா பெருமாநல்லூர் போறதுக்குள்ள ஜில்லுனு ஆயிருமுங்க.’

‘எந்தத் துணின்னாலும் ஆகுமுங்களா?’

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, பணம் எண்ணுவதுபோல ஒருமுறை தேய்த்தார். ‘காட்டன்தானுங்க வேணும். பாலிஸ்டர்னா தண்ணி நிக்காம ஓடிப்போயிரும். இது நூத்தியறுவது ஜிஎஸ்எம் இருக்கும்.’

கணக்கு

அவர் சொன்னதைச் சரிபார்த்தோம். எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு லிட்டர் பாட்டிலின் சுற்றளவு 25 சென்டிமீட்டர். உயரமும் ஏறத்தாழ அதே அளவு சுற்றலாம். பரப்பு 625 சதுர சென்டிமீட்டர். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். 160 ஜிஎஸ்எம் துணி என்றால் ஒரு சுற்றுக்கு வேண்டியது சரியாகப் பத்து கிராம்.

பருத்தி பனியன் துணி தன் எடையைப்போல இரண்டு மடங்குத் தண்ணீரையாவது பிடித்துக்கொள்ளும். இருபது கிராம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4,186 ஜூலை வெளியேற்றினால் போதும். ஆக, இரண்டு கிராமுக்கும் குறைவான ஈரம் காய்ந்தாலே ஒரு டிகிரி இறங்கும். இருபது கிராமும் காய்ந்தால், ஏட்டுக் கணக்கில், பத்து டிகிரிக்கு மேல். வெளிக்காற்றின் சூடும் உள்ளே வந்துகொண்டிருக்கும் என்பதால் நடைமுறையில் அதைவிடக் குறையும். காற்றில் ஈரப்பதம் ஏறிய நாளில் இன்னும் குறையும். ஆனாலும் சித்திரை வெயிலில், வறண்ட காற்றில், வண்டி ஓடுகிற வேகத்தில், பத்து கிராம் கழிவுத் துணி செய்கிற வேலை இது. லாரிக்காரரின் கேன்வாஸ் பையும் வண்டிக்காரரின் பானையும் இங்கே பனியன் வேஸ்ட்டாக மறுபிறவி எடுத்திருக்கின்றன.

துணித் தேர்வில் ஒரு திருத்தம் சொல்லலாம். சிங்கிள் ஜெர்சியைச் சுற்றினால் கட்ட வேண்டியிருக்கிறது. கழுத்துப்பட்டிக்குப் போடுகிற ரிப் துணி அகலவாட்டில் இழுபட்டுத் திரும்பச் சுருங்கும், அதனால் கட்டாமலே பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும். வட்டப் பின்னல் மெஷினில் துணியே குழாயாகத்தான் வருகிறது, ஆனால் அந்த டயாவுக்குள் பாட்டிலோடு ஆளும் நுழைந்துவிடலாம். பாட்டிலின் டயாவுக்குப் பொருந்துகிறது சாக்ஸ். ஜோடி தொலைந்த ஒற்றைச் சாக்ஸ் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது எதற்காகக் காத்திருந்தது என்ற புதிர் இத்துடன் விடுபடுகிறது. துவைத்துவிட்டுப் போடவும்.

ஏழாவது இடம்

இத்தனை பேசியும் பாட்டிலுக்கு இன்னோர் இடம் மிச்சமிருக்கிறது: உடம்பு. சைக்கிள் பந்தயக்காரர்களின் ஜெர்சியில் முதுகுப் பக்கம் மூன்று பைகள் உண்டு. குழுத் தலைவருக்காக உழைக்கிற துணை வீரர்கள் பின்னால் வரும் காருக்குப் போய், கழுத்துவரை பாட்டில்களைத் திணித்துக்கொண்டு, மிதித்து முன்னேறி, எல்லோருக்கும் வினியோகிப்பார்கள். டீ வாங்கி வர அனுப்பப்படும் கம்பெனி ஹெல்பருக்கு இந்த உத்தியோகம் புதிதல்ல.

ஆழமான பதில் வேறு. இன்றைய தண்ணீர் பாட்டில் பெட் எனப்படும் பாலிஸ்டர். நத்தானியேல் வையெத் 1973இல் பெட் பாட்டிலுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பாட்டிலை நொறுக்கி, உருக்கி, இழையாக இழுத்தால் நூல். நூலைப் பின்னினால் டீசர்ட். 2023 பிப்ரவரி 8இல் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்குப் போட்டுவந்த நீல ஜாக்கெட் பழைய பாட்டில்களிலிருந்து செய்யப்பட்டது, அதன் துணி நம் பக்கத்து ஊர் கரூரில் உருவானது. திருப்பூரிலும் இந்த வகை நூல் மெஷினில் ஏறி இறங்குகிறது. பாட்டிலை எங்கே வைத்துக்கொண்டு போவது என்ற கேள்விக்கு, போட்டுக்கொண்டு போகலாம் என்று தொழில்துறை பதில் சொல்லிவிட்டது. தண்ணீரை எதில் கொண்டுபோவது என்று மட்டும் கேட்காதீர்கள்.

தீர்ப்பு

ஸ்கூட்டருக்கு முன்கொக்கி, போசி காலியானதும் பைக்குள் ஒரு துண்டைத் திணிக்கவும். பைக்குக்கு இடப்பக்கச் சேலை கார்டு, சாக்ஸுடன். சைக்கிளுக்குச் சாய்குழாய். கடையில் வாங்கும் ஒரு லிட்டர் பாட்டில் சைக்கிள் கூட்டில் இறங்காது, சற்றுப் பருமன். எக்ஸ்எல்லுக்கு ஹெட்லைட்டின் இடப்பக்கம், ஈரப் பருத்தி சுற்றி, மூடி மேலே பார்க்க. டிக்கியை நிராகரிக்கிறோம்.

ஓசூரிலும் ஒரகடத்திலும் வண்டி செய்கிற பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். போன் சார்ஜ் போட ஓட்டை வைத்தீர்கள், நன்றி. முன்பக்கம் ஹேண்டில் கழுத்துக்கு அருகே, இடப்பக்கமாக, 64 மில்லிமீட்டர் இடைவெளியில் இன்னும் இரண்டு ஓட்டை போட்டுக்கொடுங்கள். ஐந்து மில்லிமீட்டர் போல்ட் போதும். மீதியை நாங்கள் பனியன் வேஸ்ட்டில் பார்த்துக்கொள்கிறோம்.